கரண்ட் வைப்பதற்கு முன் பல்லைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாய்ப் புற்றுநோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று எழுதியிருந்தது மிகவும் அவசியமான செய்தி. ஆனால் நோய் வந்துவிட்டவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் அதில் ஒன்றுமே இல்லை. என் அண்ணனுக்குக் கன்னத்தில் வந்து, ஆபரேஷன் செய்து, பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்தபோது கூடவே இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

முக்கியமாகப் பல். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு தருவதற்கு முன் பல் டாக்டரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். மோசமான சொத்தையோ ஆடுகிற பல்லோ இருந்தால் முதலிலேயே பிடுங்கி, குழி ஆறும்வரை பொறுத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். கதிர் பட்ட தாடை எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்துவிடும். எச்சிலும் வற்றுவதால் பல் சீக்கிரம் சொத்தையாகும். அப்போது போய்ப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். பல வருடம் கழித்தும் இந்த ஆபத்து உண்டு.

அண்ணன் சிகிச்சை பெற்ற இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. கதிர்வீச்சின்போது தலை அசையாமல் இருக்கப் போடும் வலை போன்ற முகமூடிக்கு அளவெடுக்க வெளியே காத்திருந்தபோது, இன்னொரு நோயாளியின் மனைவிதான் "பல்லு பாத்தாச்சாங்க?" என்று கேட்டார். நாங்களாகப் போய் விசாரித்த பிறகே அனுப்பினார்கள். கடைவாய்ப் பல் எடுக்க வேண்டியிருந்தது. தேதி தள்ளிப்போனது. அந்தம்மா கேட்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது.

அப்புறம் வாய் திறப்பது. சிகிச்சையால் தாடைத் தசை இறுகி, ஒரு விரல்கூட நுழையாமல் போய்விடுபவர்கள் உண்டு. அண்ணனுக்கு ஒரு பயிற்சியாளர் ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குச்சியைக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார். இதை ஆரம்பத்திலிருந்தே செய்ய வேண்டும், இறுகிய பிறகு சிரமம். விழுங்கும் பயிற்சியும் அப்படித்தான். மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தாலும், டாக்டர் அனுமதித்தால் வாய் வழியாகக் கொஞ்சமாவது விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டுவிட்டால் அந்தத் தசைகள் பழக்கம் மறந்துவிடும்.

சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஆறேழு வாரம் நடக்கும். இரண்டு மூன்று வாரத்தில் வாயெல்லாம் புண்ணாகும், உப்பு காரம் எதுவும் பட முடியாது. அண்ணன் மிக்ஸியில் அடித்த இட்லியும் மோரும் கஞ்சியுமாகத்தான் ஓட்டினார். "போதும், புண் ஆறட்டும்" என்று பலர் அந்த நேரத்தில் ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நடுவில் இடைவெளி விட்டால் மிச்சமிருக்கும் புற்றுச் செல்கள் மறுபடி பெருகும். வலி மருந்து கேளுங்கள், டியூப் போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்று சதைப் பரிசோதனைக்கே பயந்து மாதக்கணக்கில் தள்ளிப்போடுபவர்களையும் பார்த்தேன். அந்தப் பரிசோதனை இல்லாமல் என்ன நோய் என்றே உறுதியாகத் தெரியாது. பரவுவதற்கு வழிவிடுவது அந்தத் தாமதம்தான்.

பல் மருத்துவர் ஒருவரையும் பேச்சு, விழுங்கல் பயிற்சி தருபவர் ஒருவரையும் பேட்டி கண்டு, சிகிச்சைக்குப் போகும் முன் நோயாளி என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பக்கமாவது வெளியிடுங்கள். மருத்துவமனைகளும் முதல் நாளே இதைத் தமிழில் அச்சடித்துக் கையில் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்