கணக்கு வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை

அன்பு மகள் இசக்கிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பாளையங்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆச்சிக்கு மூட்டுவலி, மற்றபடி வாய் நன்றாகவே இருக்கிறது.

நீ மூன்றாவதாக ஒரு பூனையைத் தூக்கி வந்த விஷயம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். 1989இலிருந்து அரசு அடுக்குமாடி வீடுகளில் பூனையே ஆகாது என்றிருந்த ஊர் உங்கள் சிங்கப்பூர். 2024 செப்டம்பர் 1 முதல்தான் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு இரண்டு பூனை, அனுமதித்த சின்ன இனத்தில் ஒரு நாய். அவ்வளவுதான். கூட இருக்கிற பெண் பேரில் மூன்றாவதைப் பதிந்துகொள்ளலாம் என்கிறாயே, அது நடக்காதுட்டி. கணக்கு வீட்டுக்குத்தான், ஆளுக்கு இல்லை. அந்தத் தேதிக்கு முன்பே கூடுதலாக வளர்த்தவர்களுக்குத்தான் சலுகை கொடுத்தார்கள். நீ தூக்கி வந்தது போன மாதம். உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். அதை ரூபாயில் பெருக்கிப் பார்த்த உங்கப்பா பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டார்.

நம்ம வீட்டில் எண்ணியா வளர்த்தோம் என்று கேட்பாய். எண்ணவில்லைதான். மீன்காரர் ஹாரன் கேட்டால் புறவாசலிலிருந்து மூன்று ஓடும், திரும்பி வரும்போது ஐந்தாக இருக்கும். ஆச்சியின் ஓலைப்பெட்டிக்குள் குட்டி போடும், கண் திறக்குமுன்னே ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு பக்கத்து வீட்டு மச்சுக்குப் போய்விடும். இங்கே பூனைக்குத் தெரு முழுக்க வீடு. உன்னிடம் அதற்கு இரண்டு அறையும் ஒரு ஜன்னலும்தான். நீயோ ராத்திரி எட்டு மணிக்குத்தான் வருகிறாய். இரண்டு என்று வைத்தது சரிதான் என்பேன். நாய் ஆசையும் இப்போது வேண்டாம். நம்ம பக்கத்து வேட்டை இனமான கன்னி நாய் அங்கே வாலை ஆட்டினால் உன் பாத்திரமெல்லாம் கீழே கிடக்கும்.

அப்புறம், வாடகை வீடு அது. வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?

உன் ஆபீஸில் வீட்டில் பூனை வளர்க்காதவர் யாராவது இருப்பார்கள். அடையாளத்துக்கு மைக்ரோசிப் போட்டு அவர்கள் பேரில் உரிமம் எடுத்துக் கொடுத்துவிடு. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துக்கொள். மற்ற இரண்டுக்கும் உரிமம் வாங்கியாயிற்றா? ஜன்னலுக்கு வலை அடித்ததும் போட்டோ அனுப்பு, அப்பா கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா