ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறோம் என்று கேட்டாயே

சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. மாப்பிள்ளை உன்னை எங்கேயாவது கூட்டிப் போகிறாரா, இல்லை ரெண்டு பேரும் வேலை வேலை என்றே கிடக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறாய். போகிறோம் அம்மா. இப்போது அவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் இல்லை, முழு நாளும் எங்களுக்கே.

ராதா சித்தி மகள் அனுப்புகிற மால் படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்டிருப்பாய். எங்களுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. நாங்கள் அடிக்கடி போவது சுங்கை பூலோ என்கிற சதுப்பு நிலக் காப்பகம். கிராஞ்சி வரை ரயில், அங்கிருந்து 925 பஸ். உள்ளே போக டிக்கெட் கிடையாது. உள்ளே முழுக்க அலையாத்திக் காடு! செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியாப் பக்கத்திலிருந்து உள்ளானும் உப்புக்கொத்தியும் வருகின்றன, நம் கோடியக்கரைக்கு வருவது போலவே. கடல் ஏறும்போது வெளியே சேறு மூழ்கிவிடும், பறவைகள் எல்லாம் உள்ளே குளத்துக்கு வந்து ஒதுங்கும். அதனால் அவர் முதல் நாளே கடல் ஏறும் நேரத்தைப் பார்த்து வைத்துவிடுவார். அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார். பறவை பார்க்கக் கட்டிய மறைவிடத்தில் சத்தம் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் நெருங்குவது போல வேறெங்கும் இல்லை. முதலையும் உண்டு, பயப்படாதே, பாதையை விட்டு நாங்கள் இறங்குவதில்லை.

சாப்பாடு தூக்கில்தான். புளிசாதமும் அப்பளமும். அதை எங்கள் கல்யாணத் தாம்பூலப் பையில் வைத்து எடுத்துப் போகிறோம், எங்கள் பெயர் இன்னும் அழியவில்லை. இங்கே பெரிய சூப்பர்மார்க்கெட்டில் 2023 ஜூலையிலிருந்து ஒரு பைக்குக் குறைந்தது 5 சென்ட் வாங்குகிறார்கள், மஞ்சள் பையை எல்லாரும் ஆசையாகப் பார்க்கிறார்கள். புளிசாதத்துக்குக் கறிவேப்பிலை அடுத்த வீட்டுச் சீனத் தாத்தா கொடுப்பது. காரிடார் முழுக்கத் தொட்டி வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை பேச மாட்டார், சனிக்கிழமை காலையில் ஒரு கொத்து எங்கள் கேட்டில் செருகியிருக்கும்.

சாயங்காலம் சில நாள் மரினா பேரேஜ். கடல் நீர் உள்ளே வராமல் ஆற்று வாயில் கட்டிய அணை, 2008இல் திறந்தார்கள். அதன் கூரை முழுக்கப் புல், அதில் நின்று பட்டம் விடலாம். பழைய காலண்டர் தாளில் அவரே பட்டம் ஒட்டித் தந்தார். எனக்கு யாரும் இதுவரை அப்படி ஒன்று செய்து தந்ததில்லை.

அறை சின்னதுதான், ஆனால் இரண்டு பேருக்குப் போதும். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். போன வாரம் சுங்கை பூலோவில் தண்ணீர் வற்றியபோது சேற்று வாசனை வந்தது பார், அப்படியே முத்துப்பேட்டை. அப்பாவோடு படகில் போனது, நீ கரையில் நின்று கத்தியது எல்லாம் வந்துவிட்டது. அம்மா, உன் மடியில் ஒரு நாள் படுத்துத் தூங்க வேண்டும்.

சரி, அதை விடு. கஜா புயலுக்குப் பிறகு வைத்த தென்னையைக் குத்தகைக்குக் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒரு வருஷத்துக்கு மேல் கொடுக்காதே, எழுதி வாங்கிக்கொள். அப்பா கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட வேண்டாம், துணைக்கு முருகேசன் மாமாவைக் கூப்பிடு. இந்த மாதம் பணம் 5ஆம் தேதி வராது, 20க்குள் வந்துவிடும், கவலைப்படாதே. செல்வி நிச்சயத்துக்கு என் ஆரத்தைப் போட்டுக்கொள்ளட்டும், பீரோவில் மேல் தட்டில் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. நிச்சயம் தையிலா மாசியிலா என்று உடனே எழுது, லீவு முன்னாடியே சொல்லி வைக்க வேண்டும்.

உன் அன்பு மகள்,
கலா