வாழை நார் மெஷின் வாங்கும் முன்

பாப்பா,

நீ அனுப்பிய வாழை நார் மெஷின் வீடியோவை நானும் அம்மாவும் ரெண்டு தடவை பார்த்தோம். பணம் நான் போடுகிறேன் என்று நீ சொன்னது மனசுக்கு நிறைவாக இருந்தது. ஆனால் நாரை யார் வாங்குவார் என்று தெரியாமல் மெஷினை இறக்க வேண்டாம்மா.

தார் வெட்டிய மரத்தை அப்புறப்படுத்தக் கூலி கொடுக்கிறோம், அதிலிருந்தே காசு வந்தால் யாருக்குக் கசக்கும்? அதனால்தான் பக்கத்து ஊரில் மெஷின் வைத்திருப்பவரிடம் நம் பூவன் மரம் 20 கொண்டுபோய் எடுத்துப் பார்த்தேன். பட்டையைப் பிரித்து நீளவாக்கில் கிழித்து உருளையில் விட்டால் சதை சிதறி நார் மட்டும் கையில் நிற்கிறது, அலசி நிழலில் காயப்போட்டால் பட்டு மாதிரி பளபளக்கிறது, அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எடை போட்டால் 20 மரத்துக்கும் சேர்த்து ரெண்டு கிலோதான். மரம் முழுக்கத் தண்ணீர்தானே. ஆறடிக்கு ஆறடி நட்ட ஏக்கரில் 1,200 மரம், அத்தனையும் உரித்தாலும் 120 கிலோ. பத்துப் பதினைந்து பேர் தோட்டம் சேர்ந்தால்தான் மெஷின் சும்மா நிற்காமல் ஓடும். மரத்தை வெட்டிக் குவித்து வைக்கவும் முடியாது, மூணாம் நாள் உரித்த நாலு மரத்து நார் பழுப்பேறிவிட்டது.

வீடியோவில் சொல்லாத ஒன்று இருக்கிறது. மறுதாம்பு விடும் தோட்டத்தில், அதாவது அடியில் முளைக்கும் கன்றையே அடுத்த பயிராக வளர்க்கும் தோட்டத்தில், தாய் மரத்தை உடனே அடியோடு சாய்க்க மாட்டோம், அதிலிருக்கும் சத்து கன்றுக்கு இறங்கட்டும் என்று கொஞ்ச நாள் விட்டுவைப்போம். நாருக்கு ஆசைப்பட்டு அவசரமாக வெட்டினால் அடுத்த தார் இளைக்கும். அதனால் கன்று விடாத தோட்டத்து மரம்தான் நமக்கு ஆகும். சாறும் சக்கையும் திரும்ப வயலுக்கே வர வேண்டும், வாழைத்தண்டில் இருக்கிற சாம்பல் சத்தைப் பிடுங்கிக்கொண்டு அப்புறம் கடையில் பொட்டாஷ் மூட்டை வாங்குவது என்ன கணக்கு?

பிலிப்பைன்ஸில் அபாக்கா என்று வாழைக்குச் சொந்தக்கார மரம் ஒன்றை நாருக்கென்றே நடுகிறார்கள், டீ பேக் காகிதத்துக்கும் கப்பல் கயிறுக்கும் அது போகிறது. நமக்குத் தார்தான் சோறு, நார் மேல்வரும்படி. ஆனாலும் தார் விலை விழுந்து, வெட்டுக்கூலிக்கே கட்டாமல் போகிற வருஷத்தில் அந்த மேல்வரும்படி எவ்வளவு பெரிசு என்று உனக்குத் தெரியும், உன் காலேஜ் ஃபீஸ் கட்டின வருஷத்தை நான் மறக்கவில்லை.

சரி, நீ திருப்பூரில் இருப்பதால் உன்னால் ஆகிற வேலை ஒன்று சொல்கிறேன். வாழை நாரை அப்படியே பஞ்சோடு சேர்த்து நூற்க முடியாது, பசை போக்கி மென்மையாக்கி, பஞ்சு அளவுக்கு நறுக்க வேண்டும் என்கிறார்கள். அதைச் செய்கிறவர்கள் அங்கே யார், மாதம் எத்தனை கிலோ எடுப்பார்கள், வெள்ளை நார்தான் வேண்டுமா, உள்பட்டை நாரையும் வெளிப்பட்டை முரட்டு நாரையும் தனித்தனியாகக் கேட்பார்களா, எல்லாம் விசாரி. நானும் திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்துக்கு ஒரு நடை போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.

அந்த ரெண்டு கிலோ நாரையும் நாளைக்குக் காலை பஸ்ஸில் போட்டு விடுகிறேன். பழுப்பேறினதைத் தனியாகக் கட்டியிருக்கிறேன், அதையும் மறைக்காமல் காட்டு. மழை ஈரம் பட விடாதே.

அப்பா