திசு வாழைக்கன்று வாங்கும் நம் ஆட்களுக்கு: அந்தக் குரல் பதிவு பற்றியும் தைப் பட்டம் பற்றியும்

அண்ணன் தம்பிகளுக்கும் ஐயாமார்களுக்கும் வணக்கம்.

சோழவந்தான், வாடிப்பட்டி, தென்கரைப் பக்கம் நம்மிடம் கன்று எடுக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும், உங்கள் வயலில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பது வரைக்கும் எனக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளியிலிருந்து ஒரு குரல் பதிவு விவசாயிகளின் வாட்ஸாப் குழுக்களில் சுற்றுகிறது. கால்வாய்க் கரையில் லேப் போட்டு வாழையின் மரபணுவை மாற்றுகிறார்களாம், பாட்டிலுக்குள் ஊசி போட்டு வளர்க்கிறார்களாம், அதனால்தான் அந்தப் பழத்தில் விதையே இல்லையாம், பிள்ளைகள் தின்றால் ஆகாதாம். பெயர் சொல்லவில்லை. கால்வாய்க் கரையில் லேப் வைத்திருப்பது யார் என்று ஊருக்கே தெரியும், பெயர் வேறு எதற்கு?

போன வாரம் முன்பணம் கட்டியிருந்த ஒரு ஐயா போன் செய்து, "தம்பி, கோபிச்சுக்காத, வீட்ல மருமக வேண்டாங்குது" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பதிவைப் பேசியவர் ஒருநாள்கூட நம் லேப் வாசலை மிதித்ததில்லை என்பதுதான் வருத்தம்.

முதலில் விதை. நாம் தின்கிற எந்த வாழைப்பழத்தில் விதை இருக்கிறது? பூவனில் உண்டா, ரஸ்தாளியில் உண்டா, பழனி பஞ்சாமிர்தத்தில் போடுகிற விருப்பாச்சியில் உண்டா? காட்டு வாழையில்தான் பல்லை உடைக்கிற விதை இருக்கும். பெரும்பாலான உயிர்களில் இரண்டு தொகுதியாக, ஜோடி ஜோடியாக இருக்கிற குரோமோசோம், அதாவது மரபணுவைச் சுமக்கிற இழை, நாம் நடுகிற வாழையில் மூன்று தொகுதியாக இருக்கிறது, 11, 11, 11 என மொத்தம் 33. மூன்றைச் சமமாகப் பங்கு போட முடியாது, அதனால் விதை கட்டாது. இது யாரும் லேபில் செய்ததில்லை, லேப் என்ற ஒன்று வருவதற்குப் பல ஆயிரம் வருடங்களுக்கு முன்பே தானாக நடந்து, விதையில்லாத மரத்தை நம் முன்னோர்கள் பார்த்துப் பார்த்துப் பக்கக்கன்று எடுத்து நட்டதில் வந்தது.

அடுத்து இந்த மரபணு மாற்றம். ஒரு உயிரின் மரபணுவை எடுத்து இன்னொரு உயிருக்குள் செருகுவதற்குத்தான் அந்தப் பெயர். இந்தியாவில் விவசாயி காசு கொடுத்து வாங்கி நடுவதற்கு அப்படி அனுமதியோடு வந்த பயிர் பிடி பருத்தி ஒன்றுதான், 2002-ல். மண்ணில் இருக்கிற ஒரு பாக்டீரியாவின் மரபணு அதில் இருக்கிறது, காய்ப்புழுவுக்காக. கத்தரிக்காயில் அதே வேலையைச் செய்தார்கள், 2010-ல் மத்திய அரசு நிறுத்தி வைத்துவிட்டது. வாழையில் பனாமா வாடல் என்கிற பூஞ்சை நோயைத் தாங்குகிற ஒரு ரகத்துக்கு ஆஸ்திரேலியாவில் 2024-ல் அனுமதி கொடுத்தார்கள், அது இந்தப் பக்கம் வரவே இல்லை. திருமங்கலம் பக்கம் கரிசலில் பருத்தி போடுகிற பல பேர் கடையில் கேட்டு வாங்குவதே பிடி விதைதான். சாயங்காலம் தள்ளுவண்டியில் நாம் குடிக்கிற பருத்திப்பாலுக்கு அரைக்கிற கொட்டை எங்கிருந்து வருகிறது என்று நான் ஆரம்பித்தால் மதுரையில் எனக்கு அடி விழும், அதை விட்டுவிடுகிறேன். சர்க்கரைக்குப் போடுகிற இன்சுலினும் அப்படித்தான். முன்பு பன்றி, மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தார்கள், 1982-ல் மனித மரபணுவை வைத்த பாக்டீரியாவே அதைச் சுரந்து கொடுக்கிற முறைக்கு அனுமதி வந்தது. வீட்டுக்கு வீடு பிரிட்ஜ் கதவில் இருக்கிறது. அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை, அது ஒரு தொழில்நுட்பம், நாங்கள் செய்வது வேறொன்று என்றுதான் சொல்கிறேன்.

நாங்கள் செய்வது இவ்வளவுதான். நல்ல தார் போட்ட தாய்மரத்திலிருந்து ஈட்டிக்கன்று எடுத்து, மட்டை மட்டையாக உரித்துக்கொண்டே போனால் உள்ளே விரல்நுனி அளவுக்குக் குருத்து இருக்கும். அதைச் சுத்தம் செய்து பாட்டிலில் வைக்கிறோம். அது பக்கத்தில் குட்டி போடும், பிரித்து வேறு பாட்டிலில் வைக்கிறோம், மறுபடி போடும். இந்த மாதிரி ஏழெட்டுச் சுற்றோடு நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் போனால் இலை வரிவரியாகவும் மரம் குட்டையாகவும் கன்று வர ஆரம்பிக்கும். தாய்மரத்துக்கு முடிக்கொத்து, தேமல் மாதிரி வைரஸ் இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்பிய பிறகுதான் பாட்டிலே ஏற்றுவோம். திசுக்கன்றுக்குச் சான்று கொடுக்கிற முறையை 2006-ல் மத்திய உயிரித்தொழில்நுட்பத் துறை கொண்டுவந்ததே இதற்காகத்தான். சிறுமலையில், கீழ்ப்பழனி மலையில் விருப்பாச்சி வாழை எப்படி அழிந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். முடிக்கொத்து வந்து மலை மலையாகக் காலியானது, வைரஸ் இல்லாத திசுக்கன்று வைத்துத்தான் திரும்பவும் நட ஆரம்பித்தார்கள்.

பாட்டிலுக்குள் என்ன ஊற்றுகிறோம் என்பது அடுத்த சந்தேகம். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, நீங்கள் வயலில் போடுகிற தழை, மணி, சாம்பல் சத்துகள்தான் உப்பாக, அப்புறம் அது கட்டியாக நிற்பதற்கு அகார். அகார் என்றால் பயந்துவிட வேண்டாம், ஜிகர்தண்டாவில் போடுகிற கடல்பாசிதான் அது. மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து நம் மதுரையிலேயே காய்ச்சி எடுக்கிறார்கள். ஹார்மோன் என்று அந்தப் பதிவில் அழுத்தி அழுத்திச் சொல்கிறாரே, அது செடிக்கு உள்ளே தானாக ஊறுகிற வகை, குருத்தை வெடிக்கச் சொல்வது ஒன்று, வேர் விடச் சொல்வது இன்னொன்று. அந்தக் காலத்தில் இதற்கு இளநீரையே ஊற்றினார்கள், அதில் அந்தச் சத்து இருக்கிறது. ஊசி எதுவும் கிடையாது. பாட்டிலை விட்டு வந்த கன்று தென்னை நார்க்கழிவில் கொஞ்ச நாள், நிழல்வலைக்குள் பையில் கொஞ்ச நாள் இருந்து, ஐந்தாறு இலை விட்டு உங்கள் வயலுக்கு வந்து, பதினோரு பன்னிரண்டு மாதம் உங்கள் மண்ணைத் தின்றுதான் தார் போடுகிறது.

பழத்தில் ருசி இல்லை என்கிறவர்களுக்கு ஒன்று. ஜி9, அதாவது கிராண்ட் நைன் ரகத்துப் பழம் ஜி9 மாதிரிதான் இருக்கும், அதில் ரஸ்தாளி வாசம் தேடக்கூடாது. போதாக்குறைக்கு, தடை செய்த கார்பைடு கல்லை வைத்து ஒரே ராத்திரியில் மஞ்சளாக்கினால் எந்தப் பழமும் மண்ணாகத்தான் இருக்கும்.

ரஸ்தாளி வைத்த ஒருவருக்கு வாடல் வந்ததையும் அந்தப் பதிவில் சேர்த்திருக்கிறார்கள். வாடல் பூஞ்சை மண்ணிலேயே வருடக்கணக்கில் கிடப்பது, முன்பு அந்த நிலத்தில் வாடல் வந்திருந்தால் ரஸ்தாளியில் எந்தக் கன்று வைத்தாலும் நோய் பிடிக்கும். திசுக்கன்று நோயைச் சுமந்துகொண்டு வராது, அவ்வளவுதான், வயலில் இருக்கிற நோயைத் தாங்கும் என்று நான் யாரிடமும் சொல்லி விற்றதில்லை. கூன்வண்டும் நூற்புழுவும் கிழங்கோடு ஒட்டி வராது, வயல் முழுக்க ஒரே சமயத்தில் தார் தள்ளும், வெட்டுக்கு லாரி ஒரு தடவை வந்தால் போதும். இதைத்தான் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

சரி, தைப் பட்டம். லேபில் வெட்டு வேலை பார்த்த பிள்ளைகளில் ஒருவருக்குக் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டது, கைதேர்ந்த இன்னொருவரை ஒரு பெரிய கம்பெனி கூடுதல் சம்பளம் சொல்லி அழைத்துக்கொண்டது. அவர்கள் நன்றாக இருக்கட்டும். ஆனால் அந்தக் கண்ணாடி மேசை முன்னால் காற்று முகத்தில் அடிக்க உட்கார்ந்து, கத்தியைத் தீயில் காட்டிக் காட்டி, குருத்தில் காயம் படாமல் பிரிக்கிற கை உடனே யாருக்கும் வராது. புதுசாக வந்தவர் ஒருநாள் தும்மினால் அந்தத் தட்டு முழுக்கப் பூஞ்சை. உங்கள் மோட்டாருக்கு மின்சாரம் இலவசம், என் லேபுக்கு மீட்டர் ஓடுகிறது. 25 டிகிரியில் ராத்திரி பகலாக ஏசி, 16 மணி நேரம் டியூப்லைட். அகார் விலை, பை விலை, நார்க்கழிவு விலை எல்லாம் ஏறிவிட்டன.

அதனால் ஜி9 கன்று 16 ரூபாயிலிருந்து 19 ரூபாய். முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலையே, கன்று மட்டும் தையில் இல்லாமல் மாசி முதல் வாரத்தில் கிடைக்கும், பட்டுப்போன கன்றுக்கு மாற்றுக் கன்று இனி நட்டு 15 நாள் வரை.

அந்தப் பதிவு வந்த பிறகும் போன் செய்து, "நீ கன்னு எடுத்து வைப்பா, நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்ன அத்தனை பேருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. முள்ளிப்பள்ளத்து ஐயா ஒருவர் தன் தோட்டத்துத் தாரையே வெட்டிக்கொண்டு வந்து டீக்கடை பெஞ்சில் வைத்து, "இதைத் தின்னுதான் என் பேரன் பள்ளிக்கூடம் போறான்" என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தாரில் எனக்கும் ஒரு சீப்பு வந்தது. உங்களை மாதிரி ஆட்களை நம்பித்தான் நான் கடன் வாங்கி இந்த லேபைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை 10 மணியிலிருந்து ஒரு மணி வரை லேப் திறந்திருக்கும். வளர்ப்பு அறைக்குள் விட முடியாது, கண்ணாடி வழியாக எல்லாம் தெரியும், நிழல்வலைக்குள் எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். செருப்பை வெளியே விட்டுவிட்டு வாருங்கள். அந்த ஐயாவின் மருமகளையும் அழைத்து வந்தால் சந்தோஷம். பதிவு பேசியவரும் வரலாம், டீ நான் வாங்கித் தருகிறேன். பூவன், நாட்டு வாழைக் கன்று வேண்டுகிறவர்கள் மார்கழி பிறப்பதற்குள் சொல்லிவிடுங்கள், தாய்மரச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கால்வாய்க் கரை நாற்றுப் பண்ணைக்காரன்