சோதனை அறிக்கையில் இருப்பதை டேக்கில் போடுங்கள்

ஆயத்த ஆடை நிறுவனங்களின் வடிவமைப்பு, கொள்முதல் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். துணிச் சோதனைக்கூடங்களிலும் தையல் தளங்களிலும் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. ஓர் உடை எவ்வளவு நாள் தாங்கும் என்பது அது கடைக்கு வரும் முன்பே உங்களுக்கு ஏறக்குறையத் தெரியும். துவைத்தால் எத்தனை சதவீதம் சுருங்கும், சாயம் எந்த அளவு நிற்கும், எத்தனை உரசலில் துணி தேயும் என்பதெல்லாம் சோதனை அறிக்கையில் எண்களாக இருக்கின்றன. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு மட்டும் அவை தெரிவதில்லை. அந்த அறிக்கையிலிருந்து சில எண்களை டேக்கில் அச்சிடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

கடையில் நின்றே பார்க்கக்கூடியவை சில உண்டு. சட்டையை உள்புறம் திருப்பி, 3 சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணலாம். 11, 12 இருந்தால் நல்ல தையல். 7, 8 என்றால் வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று தையலின் நீளத்தைக் கூட்டியிருக்கிறார்கள். தையலின் இரு பக்கமும் பிடித்து இழுத்தால் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம். பேன்ட்டின் உள்ளே தையலுக்கு அப்பால் ஒரு சென்டிமீட்டர் துணிகூட விடாமல் ஓவர்லாக்கில் (ஓரத்தை வெட்டிக்கொண்டே தைக்கும் இயந்திரத்தில்) வெட்டியிருந்தால், பிற்பாடு பிரித்துத் தளர்த்த வழியில்லை.

ஆனால் யாரும் கடையில் துவைத்துப் பார்த்து வாங்க முடியாது. பெரிய குறைகள் எல்லாம் துவைத்த பிறகுதான் வெளியே வருகின்றன. டி-ஷர்ட்டின் பக்கத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பிவிடுவது அவற்றில் ஒன்று. ஒற்றைப் பின்னல் துணியில், நூலுக்கு ஏற்றிய முறுக்கு தண்ணீர் பட்டதும் அவிழப் பார்க்கிறது. துணி முழுதும் ஒரு பக்கம் சாய்கிறது. முறுக்கைச் சமன் செய்த இரட்டை நூலில் பின்னினால் இது பெரிதும் குறையும். விலை கூடும் என்பதால் அந்த நூல் கைவிடப்படுகிறது.

அக்குளிலும், தோள்பை உரசும் இடத்திலும் திரளும் நூல் உருண்டைகள் இன்னொன்று. குட்டை இழைகளால் நூற்ற நூலிலிருந்து இழை முனைகள் நழுவி வெளியே வந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. முழுப் பருத்தியில் அந்த உருண்டைகள் நாளடைவில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். பாலியஸ்டர் கலந்த துணியில் அறாத வலுவான இழை அவற்றை விடாமல் பிடித்துக்கொள்ளும். பாலியஸ்டர் சேர்த்தால் துணி வலுவாகும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஜீன்ஸ் இழுபட்டு மீள்வதற்காகச் சேர்க்கும் 2 சதவீத எலாஸ்டேன் இழையும் இப்படித்தான். சூடான உலர்த்தியிலும் குளோரின் வெளுப்பியிலும் அது சிதைந்து, முழங்கால் தொங்கிப்போகிறது.

ஆகவே டேக்கில் வர வேண்டியவை இவை: துணியின் எடை, அதாவது ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது). ஐந்து துவைப்புக்குப் பின் நீளத்திலும் அகலத்திலும் எத்தனை சதவீதம் சுருங்கியது, தையல் எவ்வளவு திரும்பியது. உருண்டை திரளலுக்கும் சாயம் நிற்பதற்கும் 1 முதல் 5 வரையிலான தரம். தைத்த தொழிற்சாலையின் பெயரும் ஊரும். ஜிஎஸ்எம் மட்டும் போட்டுவிட்டு நின்றுவிடாதீர்கள். மட்டமான நூலிலும் கனமான துணி பின்னலாம். எடையை மட்டும் நம்புகிறவர் ஏமாந்துபோவார்.

தொழிற்சாலைப் பெயர் எதற்கு என்று கேட்பீர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சவாரில் தையல் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்திருந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வெளியேற்றியது. தையல் தொழிலாளர்களோ மறுநாள் வேலைக்கு உள்ளே அனுப்பப்பட்டார்கள். அங்கே யாருக்காகத் தைத்தார்கள் என்பதை நிறுவ இடிபாடுகளில் பிராண்டு லேபிள்களைத் தேட வேண்டியிருந்தது. இனி எவரும் அப்படித் தேடும் நிலை வரக் கூடாது.

கொள்முதல் பிரிவினருக்குத் தனியாக ஒன்று. ஆர்டர் கொடுத்த பிறகு நிறத்தையோ வடிவத்தையோ மாற்றிவிட்டு, கப்பல் தேதியை மட்டும் மாற்றாமல் விடுகிறீர்கள். அந்த இடைவெளியை இரவு வேலைதான் நிரப்புகிறது. அதுவும் போதாதபோது வேலை வெளிக் கூடங்களுக்குப் போகிறது. உங்கள் தணிக்கைப் பட்டியலில் அந்தக் கூடங்கள் இருப்பதே இல்லை. மாற்றம் செய்த நாளிலிருந்து தேதியைத் தள்ளிக் கொடுங்கள். இதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை.

"மறுசுழற்சித் துணி" என்ற பச்சை டேக் எங்கள் கோரிக்கைக்கு ஈடாகாது. மறுசுழற்சி பாலியஸ்டர் பெரும்பாலும் பழைய உடையிலிருந்து வருவதல்ல, பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வருவது. பாட்டிலை மீண்டும் பாட்டிலாக்கலாம். சட்டையாக்கினால் அதன் சுற்று அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். பழைய உடை மீண்டும் உடையாவது உலக அளவில் 1 சதவீதத்துக்கும் குறைவு. பருத்தித் துணியைக் கிழித்துப் பஞ்சாக்கினால் இழை குட்டையாகிறது, புதுப் பஞ்சு கலக்காமல் நல்ல நூல் வராது. பருத்தியும் பாலியஸ்டரும் கலந்ததைப் பிரிப்பது அதைவிடக் கடினம்.

நாங்கள் நீடித்த உழைப்பைப் பற்றியே பேசுவது இதனால்தான். கானாவின் அக்ராவில் உள்ள காண்டமான்டோ சந்தையில் பழைய உடை விற்பவர்கள், வெளிநாடுகளிலிருந்து கட்டி வரும் மூட்டையை (பேல்) பிரித்துப் பார்க்காமல்தான் வாங்குகிறார்கள். உள்ளே இருப்பது திரிந்து சுருங்கிய மட்டத் துணி என்றால் நஷ்டம் அவர்களுடையது, குப்பை அந்த ஊருடையது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் மலையாகக் குவிந்த உடைகளும் இப்படி விலைபோகாமல் தங்கியவைதான்.

விற்காத உடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம் 2026 ஜூலை 19 முதல் தடை விதிக்கிறது. டேக்கில் எண்களைப் போடுவதற்கும் இப்படிச் சட்டம் வந்து கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்க வேண்டாம்.

இத்தனை எண்கள் வாங்குகிறவருக்குப் புரியாது என்ற பதிலையும் எதிர்பார்க்கிறோம். குளிர்சாதனப் பெட்டியின் மின்செலவு நட்சத்திரங்களை மக்கள் பார்த்து வாங்கவில்லையா? எல்லா உடையிலும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதென்றால், ஆண்டுதோறும் மாறாமல் விற்கும் வெற்று டி-ஷர்ட், ஜீன்ஸ், பள்ளிச் சீருடை மூன்றில் தொடங்குங்கள். முதலில் சுருக்க சதவீதத்தைப் போடுங்கள். அளவு எண்ணுக்குப் பக்கத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
துணிச் சோதனை, தையல் பணியாளர்கள்