த்ரேந்தினியானை எந்த வரிசையில் பார்ப்பது? நடிக்கப் பழகும் ஒரு தம்பிக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். 'அமூர்' என்ற பிரெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பெரியவர் நடிக்கவே இல்லையே, பிறகு எப்படி இப்படி வலிக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பெரியவர், நடிகர் ழான்-லூயி த்ரேந்தினியானின் மற்ற படங்களை எந்த வரிசையில் பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் 'அமூர்' படத்தின் காலையுணவுக் காட்சிக்கு இன்னொரு முறை போங்கள். சமையலறை மேசையில் கணவனும் மனைவியும். பேச்சின் நடுவே மனைவி அப்படியே உறைந்துபோகிறாள். கேட்டதற்குப் பதில் இல்லை. ழான்-லூயி த்ரேந்தினியான் குரலை உயர்த்துவதில்லை, பதறுவதுமில்லை. குழாயைத் திறந்து ஒரு துண்டை நனைக்கிறார், அவள் முகத்தையும் கழுத்தையும் துடைக்கிறார். குழாயை மூட மறந்து, உடை மாற்ற உள்ளே போகிறார். தண்ணீர் ஓடும் சத்தம் அறைக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. திடீரென்று அது நின்றுபோகிறது. அவர் கை அப்படியே தயங்குகிறது. அவ்வளவுதான். காட்சியின் பாரம் முழுவதும் அந்தத் தயக்கத்தில் இருக்கிறது. ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் கேளுங்கள். அடுத்த முறை ஒலியை நிறுத்திவிட்டுக் கைகளை மட்டும் பாருங்கள். அவர் சும்மா இருந்த நேரமே அதில் இல்லை என்பது தெரியும்.

புதிதாக நடிக்க வருகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். "குறைத்து நடி" என்றால் முகத்தைக் கல்லாக்கிக்கொள்கிறார்கள். கல்லை யார் பார்ப்பார்கள்? த்ரேந்தினியானின் முகம் அடங்கியிருந்தாலும் கைக்கு எப்போதும் ஒரு சின்ன வேலை இருக்கும், காது எதிராளியிடம் இருக்கும்.

அவருடைய பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930 டிசம்பர் 11 அன்று தென் பிரான்சில் பியோலாங்க் என்ற ஊரில் பிறந்தார். சித்தப்பாக்களில் ஒருவரான மோரிஸ் த்ரேந்தினியான் கார்ப் பந்தய வீரர், மொனாக்கோ கிராண்ட் பிரியை 1955-லும் 1958-லும் வென்றவர். த்ரேந்தினியான் சட்டப் படிப்பை விட்டுவிட்டு 20 வயதில் பாரிஸ் போய் நாடகம் கற்றார். கூச்ச சுபாவம், கூடவே தெற்கத்திப் பேச்சு வாடை. இரண்டோடும் போராட வேண்டியிருந்தது. அந்தத் தாழ்ந்த, நிதானமான குரல் அந்த உழைப்பில் வந்தது. 1956-ல் நடிகை பிரிஜித் பார்தோவுடன் நடித்த படம் அவரை ஊரறியச் செய்தது. உடனே ராணுவச் சேவை, அல்ஜீரியா. திரும்பி வந்தபோது கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இப்போது வரிசை. 1969-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் அந்த ஒரே ஆண்டில் இரண்டு எதிரெதிர் வேலைகள் கிடைக்கின்றன. இயக்குநர் எரிக் ரோமரின் 'மா நுய் ஷே மோத்' முதலில். கிளெர்மோன்-ஃபெரான் என்ற பிரெஞ்சு நகரில் ஒரு கத்தோலிக்கப் பொறியாளர், கிறிஸ்துமஸ் காலம், ஓர் இரவு முழுக்கப் பேச்சு. அதில் யார் பேசுகிறார் என்று பார்க்காதீர்கள். கேமரா அடிக்கடி கேட்பவர் மேல் நிற்கும். அப்போது இவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பதில் வாயில் வருவதற்கு முன்பே கண்ணில் ஒரு கணக்கு ஓடும்.

அடுத்தது கோஸ்டா-காவ்ராஸின் 'இஸட்'. 1963-ல் கிரேக்கத்தில் எம்.பி. லாம்ப்ராகிஸ் கொல்லப்பட்ட வழக்கை ஒட்டிய படம். அதை விசாரித்த நீதிபதி சார்ட்செடாகிஸ் பிற்காலத்தில் கிரேக்கக் குடியரசுத் தலைவரானார். அந்த நீதிபதியின் சாயலில் எழுதப்பட்ட பாத்திரம் இவருக்கு. நிறமேறிய மூக்குக்கண்ணாடி கண்ணைப் பாதி மறைத்துவிடுகிறது, ஆக நடிப்பதற்கு மிச்சமிருப்பது குரல்தான். பெயர் என்ன, தொழில் என்ன என்று ஒவ்வொரு உயரதிகாரியிடமும் அவர் கேட்கும் தொனி, ஒரு சாதாரண சாட்சியிடம் கேட்ட அதே தொனி. ஒரு இழை கூட ஏறாது. அதனால்தான் எதிரே இருப்பவர்கள் கொதிக்கிறார்கள். இதற்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

மூன்றாவதாக பெர்த்தொலூச்சியின் 'இல் கான்ஃபார்மிஸ்தா' (1970). இங்கே ஓர் எச்சரிக்கை. அந்தக் கால இத்தாலியப் படங்களில் ஒலியைப் பின்னால்தான் பதிவு செய்வார்கள், வெளிநாட்டு நடிகர்களுக்கு இத்தாலியர்கள் குரல் கொடுப்பார்கள். ஆகவே இத்தாலிய ஒலியில் நீங்கள் கேட்பது இவர் குரல் அல்ல. 1962-இன் 'இல் சொர்பாஸோ'வும் அப்படியே. குரலைப் படிக்க இவை உதவாது, உடலைப் படிக்க உதவும். பனிக்காட்டில், ஏற்றிவிட்ட கார்க் கண்ணாடியை ஒரு பெண் உயிருக்காகத் தட்டுகிறாள், அலறுகிறாள். இவர் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அத்தனை அசைவு, இந்தப் பக்கம் ஒன்றுமில்லை. கோழைத்தனத்தை இவ்வளவு கிட்டத்தில் காட்டிய வேறொரு நடிகரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இந்தப் படப்பிடிப்புக் காலத்தில்தான் அவருடைய கைக்குழந்தை பவுலின் ரோமில் இறந்தது.

'இல் கிராந்தே சிலென்ஸியோ'வை (1968) இதோடு சேர்த்துப் பாருங்கள். பனிமலையில் எடுத்த வெஸ்டர்ன், அதில் இவர் ஊமை. வசனம் ஒரு வரி கூடக் கிடையாது.

'ஒரு ஆணும் ஒரு பெண்ணும்' (1966) உலகம் முழுக்க ஓடிய படம், அதை விடவே கூடாது. நாயகனைப் பந்தய ஓட்டுநர் ஆக்கலாம் என்று இயக்குநர் லெலூஷிடம் சொன்னவரே இவர்தான். வெளிப்புறம் வண்ணம், உட்புறம் கறுப்பு வெள்ளை என்று மாறுவதைப் பார்த்துப் பெரிய தத்துவம் தேட வேண்டாம். வண்ணச் சுருளுக்குப் பணம் போதவில்லை. மாண்டி கார்லோவிலிருந்து ராத்திரி முழுக்க வண்டியோட்டிக்கொண்டு, நாயகியைப் பார்த்ததும் என்ன சொல்வது என்று தனக்குத்தானே பேசிப் பார்க்கும் இடத்தை மட்டும் பத்து முறை பாருங்கள். பாதையில் ஒரு கண், வார்த்தையில் ஒரு கண். ஸ்டியரிங்கை நிஜமாகவே அறிந்த கை அது. 1980-இன் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அவரே ஓட்டினார்.

கீஸ்லோவ்ஸ்கியின் 'சிவப்பு' (1994) அதற்கடுத்து. அண்டை வீட்டாரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கும் ஓய்வுபெற்ற நீதிபதி. 'இஸட்' பார்த்த கண்ணோடு பார்த்தால், 25 வருடத்தில் ஒரு குரல் எப்படிக் கனத்திருக்கிறது என்று புரியும்.

2003-ல் மகள் மரி, அவரும் நடிகை, லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் தாக்கப்பட்டு, அந்தக் காயங்களால் இறந்தார். அதன்பிறகு அவர் சினிமாவிலிருந்து பெரும்பாலும் விலகி, மேடையில் கவிதை வாசித்தார். இயக்குநர் ஹானெகே அவரை மனத்தில் வைத்து எழுதியதால்தான் 'அமூர்' (2012) நடந்தது. பிரான்சின் செஸார் திரைப்பட விருது 82 வயதில்தான் முதல்முறையாக வந்தது. 2022 ஜூன் 17 அன்று மறைந்தார்.

கடைசிக்கு ஒன்றை எடுத்து வையுங்கள். 1966-இன் அதே பாத்திரத்தை, அதே நாயகி அனூக் ஏமேயுடன், லெலூஷ் 2019-ல் மறுபடி எடுத்தார். பழைய படத்தைப் பார்க்காமல் இதைத் தொடாதீர்கள். முதியோர் இல்லத்துத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார், நினைவு தேய்ந்துவிட்டது. எதிரே வந்து அமர்ந்திருப்பவள் யாரென்று தெரியாமல், தான் நேசித்த பெண்ணைப் பற்றி அவளிடமே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
அண்ணன்