குரலுக்குக் கனம் போதாது என்றார்களாம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். வானொலிச் செய்திக்கு அவள் குரலில் கனம் போதாது என்று யாரோ சொன்னதில் பெண் சுருண்டுபோய்விட்டாள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு அமெரிக்க வானொலித் தொகுப்பாளர் சூசன் ஸ்டாம்பெர்க் ஞாபகம் வந்தது. 2025 அக்டோபரில், 87 வயதில் இறந்துபோனாரே, அவர்தான்.

அமெரிக்காவில் நேஷனல் பப்ளிக் ரேடியோ என்ற பொது வானொலி 1971இல் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, ஒலிநாடாவை பிளேடால் வெட்டி ஒட்டும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அடுத்த ஆண்டே 'ஆல் திங்ஸ் கன்சிடர்ட்' என்ற மாலைச் செய்தி நிகழ்ச்சியின் தொகுப்பாளர். நாடு முழுவதும் தினமும் போகும் அப்படியொரு நிகழ்ச்சியை அங்கே ஒரு பெண் நடத்தியது அதுதான் முதல்முறை. செய்தி என்றால் கனத்த ஆண் குரல் என்று காது பழகிப்போன காலம். அதனால் அவரும் ஆரம்பத்தில் குரலைத் தாழ்த்தி ஆண்களைப் போலவே வாசித்துப் பார்த்தார். நிகழ்ச்சி இயக்குநர் பில் சீமரிங் அவரிடம், நீங்கள் நீங்களாகவே பேசுங்கள் என்று சொல்லிவிட்டார். பெண் குரலைச் செய்தியில் யார் நம்புவார்கள் என்று சில நிலையங்கள் முணுமுணுத்ததைக்கூட சூசன் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டாராம். மேலே இருப்பவர் இப்படி ஒருவர் அமைந்தால் போதும், புதிதாக வருகிறவர்கள் எவ்வளவோ செய்வார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. வாஷிங்டனில் ஒரு உள்ளூர் நிலையத்தில் வானிலை சொல்லும் பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போக, இவரை உட்கார வைத்தார்கள். தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொண்டுதான் வானிலை சொல்ல வேண்டும். பதற்றத்தில் அதை மறந்துவிட்டார். ஒலிபரப்பு தொடங்கிவிட்டதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. எட்டிப் பார்க்க ஸ்டூடியோவில் ஜன்னலும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னார்: வெப்பம் 98 டிகிரி ஃபாரன்ஹீட். அது பிப்ரவரி மாதக் குளிர்! தயார் செய்யாமல் மைக் முன் உட்காரக் கூடாது, கேட்பவரிடம் பொய் சொல்லவே கூடாது என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். குரல் கனமா மெலிசா என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

1979இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரிடம் மக்கள் நேரடியாகத் தொலைபேசியில் கேள்வி கேட்ட 2 மணி நேர நிகழ்ச்சியை நடத்தியதும் அவர்தான். மாலை நிகழ்ச்சியில் 14 ஆண்டுகள் இருந்தார். 1986இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. அதற்குப் பிறகு ஞாயிறு காலை நிகழ்ச்சி, அப்புறம் ஓவியர், இசைக் கலைஞர், நடிகர் என்று பலரையும் சந்திக்கும் கலைச் செய்தியாளர் வேலை. அவருடைய பேட்டிகளைக் கேள். அடுத்த கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பவர் போலவே இருக்காது. எதிரில் இருப்பவர் சொன்னதிலிருந்துதான் அடுத்த கேள்வி பிறக்கும். வாய்விட்டுச் சிரிப்பார். பொது வானொலி என்பதால் அந்தச் சிரிப்புக்கும் மௌனத்துக்கும் நேரம் கிடைத்தது என்று நினைக்கிறேன். விளம்பரம் வந்து குறுக்கே வெட்டும் இடத்தில் அது நடந்திருக்காது. அந்த நாட்டுப் பொது ஒலிபரப்புக்கு ஒதுக்கிய 110 கோடி டாலரை 2025 ஜூலையில் அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. சின்ன ஊர் நிலையங்கள் என்ன பாடுபடுமோ என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் அவர் ஓய்வு பெற்றார்.

ஒன்று சொல்ல மறந்தேன். வாஷிங்டனில் அந்த நிறுவனத்தின் தலைமை அலுவலக லிஃப்டில் மாடி அறிவிப்புக்காகப் பதிவு செய்து வைத்ததும் அவர் குரலைத்தான். இதை உன் மகளிடம் கட்டாயம் சொல்.

அவளுக்குப் பிடித்த யாரையாவது 5 நிமிடம் பேட்டி எடுத்து, அவள் சொந்தக் குரலில், எனக்கு அனுப்பச் சொல். குரலைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். கேள்விகளைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி